ஐந்தாவது பந்தயத்துக்கு ஒரு குதிரை குறைகிறது

டர்னர் ஃபெரி, டெக்சாஸ்
பிப்ரவரி 9, 2003

அன்புத் தங்கை எர்லீனுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். குதிரை உதைத்த பிறகு மந்தமாகிவிட்ட காதுகளைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தக் காதுகளுக்கும் தொலைபேசிக்கும் ஒத்துவரவில்லை, அதனால்தான் கடிதம். உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய பச்சைப் பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாயா? மாப்பிள்ளை க்ளோவிஸ் நலமா? குதிரை ஜெயித்தால் தானே ஓடி வந்ததுபோல இன்னமும் மூச்சு வாங்குகிறாரா?

இங்கே நிலைமை சரியில்லை. வாரத்துக்கு நாலு நாள் நடந்த பந்தயம் இரண்டு நாளாகிவிட்டது. பரிசுப் பணத்தில் மறுபடியும் வெட்டு. இப்போதெல்லாம் ஒரு குதிரை ஜெயித்தால் கிடைப்பது அதன் ஒரு மாத வைக்கோலுக்குக்கூடக் காணாது. போன சனிக்கிழமை வந்திருந்த கூட்டத்தை நான் வேலியோரம் நின்றபடியே எண்ணி முடித்துவிட்டேன். என் லாயத்தில் பத்து அறை இருக்கிறது, ஆறு காலி. எல்லோரும் ஆற்றைத் தாண்டி உங்கள் லூசியானாவுக்கு ஓடிவிட்டார்கள். மீதியிருப்பது நானும் ஹாலிஸ் கிழவரும் இன்னும் நாலைந்து பிடிவாதக்காரர்களும்தான்.

ரேஸ் கோர்ஸ்களிலும் சூதாட்ட மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று தலைநகரில் ஒரு மசோதா கொண்டுவரப் போகிறார்களாம். மே முடிவதற்குள் தெரிந்துவிடும். அது வந்தால் பரிசு மூன்று மடங்காகும் என்கிறார்கள். நாங்களும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

டெலா அருமையாக இருக்கிறாள். மற்ற மூன்று குதிரையும் ஊரார் குதிரை, ஹாலிஸ் கிழவருடையவை. நினைத்தால் நாளைக்கே அழைத்துப் போய்விடுவார். என்னுடையது என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
நோலன்

பெல் ரிவ், லூசியானா
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் கடிதத்தில் பாதி தெரிகிறது, மீதியை நீ மறைக்கிறாய். பட்டையைத் தினமும் கட்டிக்கொள்கிறேன். குளிக்கும்போது மட்டும் கழற்றுகிறேன், போதுமா?

மெஷின் கூடத்தில் எனக்குச் சில்லறை கொடுக்கிற வேலை. ஆயிரத்தைந்நூறு மெஷின், ஒரு ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் குதிரை ஓடுவது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. நேற்று ஒரு அம்மாள் காசு வாளியோடு வந்து என்னைக் கேட்டாள்: "ஏம்மா, வெளிய ஏதோ குதிர கனைக்குற மாதிரி கேக்குதே, இங்க யாராச்சும் வளக்குறாங்களா?" நான் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே விழுந்த காசைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். ஆனால் அண்ணா, அந்த அம்மாள் மெஷினில் தொலைக்கிற பணத்தில்தான் எங்கள் பரிசு வருகிறது. அங்கே ஆறு தடவை ஜெயித்தால் கிடைப்பது இங்கே ஒரே தடவையில் கிடைத்துவிடுகிறது.

எங்கள் லாயத்தில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. டெலாவை ஏற்றிக்கொண்டு வந்துவிடேன். க்ளோவிஸிடம் கேட்டேன். "மச்சான் தாராளமா வரட்டும். ஆனா வந்து எனக்குப் புத்தி சொல்லக் கூடாது, அதான் கண்டிஷன்" என்றார்.

வா. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

உன் எர்லீன்

டர்னர் ஃபெரி
மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை லாயக்காரர்கள் எல்லோரும் சாப்பிடுகிற சமையற்கூடத்தில் சத்தமாகப் படித்தேன். காசு வாளி அம்மாளைக் கேட்டு ஹாலிஸ் கிழவர் காப்பியைத் துப்பிவிட்டார்.

ஆனால் நான் வரமாட்டேன். க்ளோவிஸுக்குப் புத்தி சொல்லாமல் என்னால் ஒருநாள் இருக்க முடியுமா? நீயே சொல். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் போய்விட்டால் இங்கே என்ன நடக்கும் தெரியுமா? ஆக்னெஸ் குபேனா அம்மாவை நினைவிருக்கிறதா, பந்தயப் பட்டியல் போடுகிறவர்? விடிந்தால் கையில் பேனாவும் தட்டு நிறையப் பழம் வைத்த பன்னுமாக லாயம் லாயமாக ஏறி இறங்குகிறார். "நோலன், அஞ்சாவது ரேஸுக்கு ஒரு குதிர குறையுதுப்பா. நீ ஒண்ணு போட்டாத்தான் அந்த ரேஸே நடக்கும்." ஐந்து குதிரைக்குக் கீழே போனால் அந்தப் பந்தயம் ரத்து. இரண்டு பந்தயம் ரத்தானால் அன்றைய நாளே ரத்து. அப்புறம் மேலிடத்துக்காரன், இவர்களுக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்பான். அதனால் அந்த அம்மா பன்னை நீட்டினால் நாங்கள் குதிரையைக் கொடுத்துவிடுகிறோம்.

எல்லாம் விலை போட்டு ஓடுகிற பந்தயம்தான். பந்தயத்துக்கு முன்னால் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு அந்த விலையைக் கட்டுகிறவன் குதிரையைக் கொண்டுபோகலாம் என்பது சட்டம். ஆனால் ஆள் குறைகிறது என்று போட்ட குதிரை மேல் எவனும் சீட்டுப் போடுவதில்லை. இது எங்கேயும் எழுதி வைத்ததல்ல. போன வருடம் ஒருத்தன் போட்டான். அதன் பிறகு அவனுக்கு ஒரு கட்டு வைக்கோல் கைமாற்றாகக் கொடுக்க ஆளில்லை. மூன்று வாரத்தில் மூட்டை கட்டிவிட்டான்.

இப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு ஜன்னலில்லாத கூடத்துக்குப் பக்கத்தில் வந்து நான் என்ன செய்ய?

க்ளோவிஸுக்கு என் வணக்கம். புத்தி எதுவும் இல்லை, வணக்கம் மட்டும்.

நோலன்

பெல் ரிவ்
மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன்.

டெலா எப்படி இருக்கிறாள்? முன்பு முழங்கால் வீங்குமே, இப்போது உண்டா? அவளை என்ன விலைக்குப் போட்டு ஓட்டுகிறாய்? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைக் கவனி.

எர்லீன்

டர்னர் ஃபெரி
ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

நலம், நலம். நீ டெலாவை விசாரித்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். தாய் செத்த குட்டிக்கு நாலு மாதம் புட்டிப்பால் கொடுத்தவள் நீ. உனக்கு அவள் ஞாபகம் விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்துவிட்டேன்.

முழங்கால் வீக்கம் சுத்தமாகப் போய்விட்டது. தினமும் காலையில் ஐஸ் வைக்கிறேன், மூன்று வாரத்துக்கு ஒருதடவைக்கு மேல் ஓட்டுவதில்லை. அதுதான் ரகசியம். அவளை ஓய்வாக வைத்திருந்தால் பறக்கிறாள். போன புதன்கிழமை விடிந்ததும் அரை மைல் விட்டுப் பார்த்தேன். கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று உதறிப் பார்த்தேன். உங்கள் ஊரில் பதினைந்தாயிரம் டாலர் பெறுவாள், சத்தியமாக.

ஆனால் பாரேன், மே 3 சனிக்கிழமை அவளை ஐயாயிரத்துக்குப் போட்டிருக்கிறேன். வேறு வழியில்லை, குபேனா அம்மாவுக்கு அந்த விலையில்தான் ஒரு குதிரை குறைகிறது. ஐந்தாவது பந்தயம். இங்கே யாரும் தொட மாட்டார்கள். சுலபமாக ஜெயித்துவிட்டு வந்துவிடுவாள். இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

பட்டையைக் கட்டிக்கொள்.

நோலன்

டர்னர் ஃபெரி
மே 6

எர்லீனுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. டெலா போய்விட்டாள்.

சனிக்கிழமை நான் சொன்னபடியே ஜெயித்தாள். ஆறு குதிரை நீளம் முன்னால். ஜாக்கி சவுக்கை எடுக்கவேயில்லை. ஜெயித்த குதிரையை வைத்துப் படம் எடுக்கிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போய் நின்றேன். குபேனா அம்மாவும் மேலேயிருந்து இறங்கி வந்தார். என்னைப் பாராட்ட வருகிறார் என்று நினைத்தேன். முகம் வெளுத்திருந்தது. "நோலன், சீட்டு விழுந்துருச்சுப்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதற்குள் ப்ருவெட் என்று ஒருத்தன் கையில் புதுத் தலைக்கயிற்றோடு வேலியைத் தாண்டி வந்துவிட்டான். உங்கள் பக்கத்து ஆள். இங்கே இந்த சீசனில் குதிரை ஓட்டியவன்தான் சீட்டுப் போடலாம் என்று விதி, அவன் மார்ச்சில் இரண்டு குதிரையைக் கொண்டுவந்து ஓட்டியிருந்தான். "மன்னிச்சுக்கோங்க சார், எல்லாம் சட்டப்படிதான்" என்றான். சட்டப்படிதான். நான் என் தலைக்கயிற்றைக் கழற்றினேன், அவன் தன்னுடையதை மாட்டினான். அவள் எப்போதும்போல என் லாயத்துப் பக்கமே இழுத்தாள். அவன் அந்தப் பக்கம் இழுத்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

குபேனா அம்மா தேம்பித் தேம்பி அழுதார். "நாந்தானே கேட்டேன், நாந்தானே கேட்டேன்." அவரைத் தேற்றுவதிலேயே என் சனிக்கிழமை போய்விட்டது. கொடுத்த ஐயாயிரத்துக்கு அவள் மாதிரி ஒரு குதிரையின் வால்கூட வாங்க முடியாது என்பது உனக்கும் தெரியும்.

சீட்டில் எடுத்த குதிரையைச் சீசன் முடிகிறவரை வெளியூரில் ஓட்டக் கூடாது, ஆனால் பத்தாம் தேதி சீசன் முடிகிறது. அதற்கப்புறம் அவளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ப்ருவெட் வெறும் கை, பின்னால் வேறொருவன் பணம் இருக்கிறது என்று ஹாலிஸ் சொல்கிறார். நீ அங்கேதானே இருக்கிறாய். விசாரித்துச் சொல். அவளுக்கு ஐஸ் வைக்க வேண்டும், அடிக்கடி ஓட்டக் கூடாது என்றாவது அந்த ஆளிடம் சொல்ல வேண்டும்.

நோலன்

டர்னர் ஃபெரி
மே 25

எர்லீன்,

என் கடிதம் வந்ததா? உனக்கு உடம்பு சரியில்லையா? க்ளோவிஸுக்கு ஏதாவதா? இரண்டு வரி போடு.

மசோதா செத்துவிட்டது. ஓட்டெடுப்புக்குக்கூட வரவில்லையாம். இந்த வருடம் மெஷின் கிடையாது. அடுத்த வருடமும் இருக்காது.

நோலன்

பெல் ரிவ்
ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கும் க்ளோவிஸுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

டெலா விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. இங்கே நாற்பது லாயம், ஆயிரத்துக்கு மேல் குதிரை. யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். அவள் நல்ல கையில்தான் இருப்பாள், நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

நீ இனியாவது இங்கே வரலாமே. இப்போது அங்கே உனக்கு என்ன இருக்கிறது?

எர்லீன்

டர்னர் ஃபெரி
ஜூன் 29

எர்லீனுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதைச் சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் இந்த இடம் திறக்காது என்று அறிவித்துவிட்டார்கள். ஜூலை முடிவதற்குள் லாயத்தைக் காலி செய்ய வேண்டும். குபேனா அம்மா கடைசித் தட்டு பன்னையும் எடுத்துக்கொண்டு வந்தார். பட்டியல் எதுவும் கொண்டுவரவில்லை. பழக்கம் விடவில்லை போலிருக்கிறது.

வரும்போது பந்தயப் பத்திரிகை ஒன்றையும் கொண்டுவந்தார். உங்கள் ஊரில் ஜூன் 14ஆம் தேதி டெலா ஜெயித்திருக்கிறாள். பயிற்சியாளர் ப்ருவெட் என்று போட்டிருக்கிறது. கூடவே படம். அவள் தலையைப் பிடித்திருக்கிற ஆளைப் படத்தில் வெட்டிவிட்டார்கள். கை மட்டும் தெரிகிறது. முழங்கையில் பச்சைப் பட்டை.

அந்தப் பட்டையை ஆர்டர் கொடுத்துத் தைத்து வாங்கியவன் நான். வேறு யார் கையிலும் இருக்க முடியாது.

நீ எழுது. வேலை அதிகம் என்று மட்டும் எழுதாதே.

நோலன்

பெல் ரிவ்
ஜூலை 8

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

டெலா எங்கள் லாயத்தில்தான் இருக்கிறாள். சீட்டுப் போட்டது ப்ருவெட், பணம் க்ளோவிஸுடையது. உன் கண்ணில் படக் கூடாது என்றுதான் பயிற்சியாளர் என்று அவன் பெயரைப் போட்டோம்.

எப்படி நடந்தது என்று முழுக்கச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் அவருக்குப் படித்துக் காட்டுவேன். உன் கிண்டல் அவருக்குப் பிடிக்கும். முழங்காலையும் விலையையும் கேட்டு எழுது என்று சொன்னதும் அவர்தான். எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஆனாலும் எழுதினேன். உன் பதில் வந்ததும் அதையும் படித்தேன். "இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்" என்ற வரிக்கு வந்தபோது எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். அவர் எழுந்து போய்க் காலண்டரில் மே மூன்றைப் பென்சிலால் சுழித்தார். நான் தட்டு கழுவினேன்.

எனக்கு மூன்று வாரம் இருந்தது அண்ணா. உங்கள் சமையற்கூடத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் குபேனா அம்மா ஓடிவந்து சொல்லியிருப்பார். மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

அவள் இங்கே வந்துவிட்டால் நீயும் பின்னாலேயே வந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நாலு மாதம் புட்டிப்பால் கொடுத்தவள் நான். நீ ஒரு கடிதத்திலாவது "நம் குதிரை" என்று எழுதியிருக்கிறாயா? அவள் ஜெயிக்கும்போது ஒருதடவையாவது கயிறு என் கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருந்தது. அந்த இரண்டு நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் இன்றுவரை நல்ல தூக்கம் இல்லை.

இதை மன்னிப்புக் கேட்க மட்டும் எழுதவில்லை. ஆறு வாரத்தில் க்ளோவிஸ் அவளை ஐந்து தடவை ஓட்டிவிட்டார். இந்தப் பரிசைப் பார்த்த பிறகு யாருக்கும் குதிரையை நிறுத்தி வைக்க மனம் வருவதில்லை. ஜூலை 4 அன்று நாலாவதாக வந்தாள். முழங்கால் சுடுகிறது, கையை வைத்தால் தெரிகிறது. ஓய்வு கொடுங்கள் என்றேன். "காசு பாக்குற நேரத்துல வந்து அழாத எர்லீன்" என்கிறார். 19ஆம் தேதி சனிக்கிழமை ஐயாயிரத்துக்குப் போடப்போகிறாராம். யாராவது எடுத்துக்கொண்டு போனால் போகட்டும் என்கிறார். இல்லாவிட்டால் ஓடி உடையட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நீ இங்கே வந்து சீட்டுப் போடவும் முடியாது, இந்த ஊரிலும் குதிரை ஓட்டியவனுக்குத்தான் அந்த உரிமை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அவளை என்ன செய்வது என்று மட்டும் சொல்.

எர்லீன்

டர்னர் ஃபெரி
ஜூலை 16

எர்லீனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஒருதடவை படித்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவேயில்லை. திங்கட்கிழமை சமையற்கூடத்திலிருந்து க்ளோவிஸுக்குப் போன் போட்டேன். குபேனா அம்மா குழலைக் காதில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை எனக்குக் கத்திக் கத்திச் சொன்னார். நான் சொன்னதை அவருக்குக் கத்தினார். லாயம் முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை. வியாபாரம் பேசக் கூப்பிட்டேன். ஹாலிஸ் கிழவரின் மூன்று குதிரையும் நல்ல குதிரை. க்ளோவிஸிடம் இருக்கிற எதையும்விட நல்லவை. "நீ எங்க போறியோ அங்கதான் என் குதிரயும் போகும்" என்று கிழவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அவற்றை ஆற்றைத் தாண்டிக் கொண்டுவருகிறேன், உங்கள் பெயரில் ஓடட்டும் என்று க்ளோவிஸிடம் சொன்னேன். பயிற்சியாளர் அவர், நான் அவர் லாயத்தில் சாணி அள்ளுகிற சம்பளக்காரன். என் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை. அதற்குப் பதில் டெலாவைச் சனிக்கிழமைப் பட்டியலிலிருந்து அவர் எடுக்க வேண்டும், அடுத்த வசந்தம் வரைக்கும் அவள் மேல் சேணம் ஏறக் கூடாது, அவளை நான் மட்டும்தான் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் குபேனா அம்மா சொன்னார்: "சரின்னு சொல்றாருப்பா. உன் பேரு எங்கயும் வராது, அதுக்குச் சம்மதமான்னு கேக்குறாரு." சம்மதம் என்றேன். முப்பத்தோரு வருடம் பந்தயப் பட்டியலில் வந்த பெயர். அந்த அம்மாதான் இத்தனை வருடமும் அதை அச்சுக்குக் கொடுத்தவர். குழலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே இருப்பேன். உன் வீட்டில் எனக்கு இடம் பண்ண வேண்டாம், லாயத்தில் ஒரு கட்டில் போதும். அதுவரை காலையும் மாலையும் இருபது நிமிடம் முழங்காலில் ஐஸ் வை. துணியைச் சுற்றி வை, வெறுமனே வைக்காதே.

நான் வந்த பிறகும் நீ தினமும் காலையில் அவளைப் பார்க்க வரலாம். உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நாளைக்குப் பேச மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வா.

உன் அண்ணன்,
நோலன்